அனுபவசாலி என்று ஒருத்தி

கதிர்,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உன் கல்யாணப் பத்திரிகை வைக்க வேண்டியவர்களின் பட்டியலை எழுத உட்கார்ந்தபோது நீ என்னிடம் இரண்டு கேள்வி கேட்டாய். இரண்டுக்கும் நான் பொய் சொன்னேன். ஹாஜிரா அத்தையும் சஃபியாவும் ஏன் பன்னிரண்டு வருஷமாக நம் வீட்டுப் பக்கமே வரவில்லை என்று கேட்டாய். "அவங்க மாறிட்டாங்கப்பா" என்றேன். பிறகு, கல்யாணம் முடிந்ததும் நீயும் வரப்போகிற மருமகளும் காது கேளாத இளம்பிள்ளைகளுக்காக இணையத்தில் தொடங்கப்போகும் குழுவைப் பற்றிச் சொன்னாய். "நீ அந்தக் காலத்துல குரூப் நடத்தினியேம்மா, பேரு போடாம எழுத விடலாமா?" என்று கேட்டாய். "காலம் மாறிப்போச்சு, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றேதான். அதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லை. அதனால் எழுதுகிறேன். உனக்கு மட்டும் அனுப்பாமல் நாலு பேர் படிக்கிற இடத்தில் ஏன் போடுகிறேன் என்பது படித்து முடிக்கும்போது உனக்குத் தெரியும்.

உனக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்தபோது உனக்கு இரண்டு வயது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சிக்காகக் காத்திருந்த பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஹாஜிரா. பெரிய மார்க்கெட்டை ஒட்டிய தெருவில் அவள் வீட்டுக்காரர் கைலிக் கடை வைத்திருந்தார். மடியில் சஃபியா, உன் வயதுதான், உன்னைப் போலவேதான். நான் வில்லியனூர்ப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண், மேட்டுப்பாளையத்தில் மாத்திரைக் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் வேலை செய்தவள். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது பயம் ஒன்றுதான். டாக்டர் "பேசிக்கிட்டே இருங்க" என்று சொல்லி அனுப்புவார். கேட்காத பிள்ளையிடம் என்ன பேசுவது, எப்படிப் பேசுவது என்று யாரும் சொல்லவில்லை. ஹாஜிரா டைப்பிங் படித்தவள். "அக்கா, நமக்குத் தெரியாதது எங்கயாவது ஒரு அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும். கேட்டுப் பாப்போம்" என்றாள். உப்பளத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் அரைமணி நேரம் உட்கார்ந்து மின்னஞ்சல் குழு ஒன்றைத் தொடங்கினோம். 'கேக்குதா' என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

அந்தக் குழு என்னவாக இருந்தது என்று இப்போது சொன்னால் நம்பமாட்டாய். தூத்துக்குடியிலிருந்து, வேலூரிலிருந்து, துபாயிலிருந்துகூட எழுதினார்கள். எல்லோரும் பெயரைப் போட்டார்கள், பிள்ளையின் பெயரைப் போட்டார்கள், ஊரைப் போட்டார்கள். போடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. வேறு மாதிரி எழுதலாம் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. நம் ஊர்க் கடற்காற்றும் வேர்வையும் சேர்ந்து உன் காது மெஷினை மாதத்துக்கு ஒருமுறை சாகடித்துக்கொண்டிருந்தது. மாத்திரை டப்பாவுக்குள் ஈரத்தை உறிஞ்சுவதற்குப் போடும் சின்னப் பொட்டலத்தை ஒரு மூடி போட்ட டப்பாவில் வைத்து, மெஷினை அதற்குள் வை என்று தூத்துக்குடி அம்மா ஒருத்தி எழுதினாள். நான் தினம் கையால் எடுத்துப் போடுகிற பொட்டலம் அது! எனக்குத் தோன்றவில்லை. சூப்பர்வைசரிடம் கேட்டு மிச்சமானவற்றை வாங்கி, ஹாஜிராவும் நானும் கவரில் போட்டுக் குழுவில் இருந்த எல்லா வீட்டுக்கும் தபாலில் அனுப்பினோம். விழுப்புரத்து லாரி டிரைவர் ஆறுமுகம் போகிற வழியில் எங்காவது பிரவுசிங் சென்டரைக் கண்டால் நிறுத்தி எழுதுவார். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தப்புத்தப்பாக அடிப்பார். "இன்னிக்கு போன்ல என் பொண்ணு அப்பான்னு சொல்லிச்சு. வண்டிய ஓரங்கட்டிட்டு எழுதறேன்" என்று ஒருநாள் எழுதினார். கம்பெனியில் என்னோடு வேலை செய்த பெண்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி நான் அழுதேன்.

குழு பெரிதானதும் அதை ஒரு இணையதளமாக மாற்றினோம். நம் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்ததால் நான் அட்மின். அப்போது ஒரு இளம் தாய் எனக்குத் தனியாக எழுதினாள். பிள்ளைக்கு மெஷின் போட்டது மாமியார் வீட்டுக்குத் தெரியாது, பெயர் போடாமல் கேட்க வழி உண்டா என்று. நியாயமான கேள்வி. ஹாஜிரா, "அந்தப் பொண்ணு நம்மகிட்ட அனுப்பட்டும்கா, நம்ம அவ பேரு இல்லாம போடலாம். அதுக்காக எதுக்கு எல்லாருக்கும் கதவைத் தொறக்குற?" என்றாள். "நீ எதுக்கெடுத்தாலும் பயப்படுற" என்று அவளை அடக்கிவிட்டு, யார் வேண்டுமானாலும் எந்தப் புனைபெயரிலும் எழுதலாம் என்று திறந்துவிட்டேன். முதல் சில வாரங்கள் நன்றாகத்தான் இருந்தது. வெளியே சொல்லமுடியாத துக்கங்கள் வந்தன. நான் பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

அப்புறம் வந்தார்கள் பெரிய மனிதர்கள். நடுநிலையாளன், உண்மை விளம்பி, மனசாட்சி, சும்மா ஒருவன். நடுநிலையாளன் என்று பெயர் வைத்துக்கொண்ட எவனும் நடுவில் நின்று நான் பார்த்ததில்லை. மனசாட்சி என்பவனிடம் அது பெயரில் மட்டும்தான் இருந்தது. இவர்களையெல்லாம் நேரில் பார்த்தால் எப்படி இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறவர்கள்தான். மேனேஜர் ஏசினால் வேர்வையைத் துடைத்துக்கொண்டு தலையாட்டுவார்கள், ரேஷன் கடையில் எடை குறைந்தால் வாயைத் திறக்காமல் வாங்கிப்போவார்கள். அங்கெல்லாம் விழுங்கினதை ஒரு செவிட்டுப் பிள்ளையின் தாய்மேல் வந்து துப்பினார்கள். ஒருத்தி தன் பிள்ளை நேற்று ராத்திரி முதல்முறையாகப் பால் கேட்டான் என்று எழுதினால், கீழே ஒருவன் "சொந்தத்தில் கல்யாணம் பண்ணினால் இப்படித்தான் பிறக்கும்" என்று எழுதுவான். கீழே இன்னொருவன் அதற்குக் கைதட்டுவான். ஒன்றுக்கும் லாயக்கில்லாத கூட்டம் அது. வைவதில்கூடப் புதிதாக ஒரு வார்த்தை கிடையாது. ஒருவன் எச்சிலை இன்னொருவன் எடுத்துத் துப்பிக்கொண்டிருந்தான்.

ஆறுமுகம் ஒருநாள் தன் பெண் இரண்டாவது மெஷினைத் தொலைத்துவிட்டாள், பழையது யாரிடமாவது இருக்குமா என்று கேட்டு எழுதினார். வழக்கம்போலத் தப்புத்தப்பாக. நடுநிலையாளன் அந்தத் தப்புகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு, "முதலில் நீ எழுதக் கற்றுக்கொள், அப்புறம் பிள்ளைக்குப் பேசக் கற்றுக்கொடு" என்று எழுதினான். மறுநாள் ஆறுமுகத்திடமிருந்து ஒரு வரி வந்தது. "மன்னிக்கணும் சார். நான் எட்டாங்கிளாஸ்தான். இனிமே எழுதல." மன்னிப்புக் கேட்டது அவர்! அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை. அந்தப் பெண்ணுக்கு மெஷின் கிடைத்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் அட்மின். நடுநிலையாளனை வெளியே தள்ளி, ஆறுமுகத்தின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசியிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் வேறொன்று செய்தேன். அட்மின் சண்டை போடக்கூடாது என்று எனக்கு நானே ஒரு கௌரவம் வைத்திருந்தேன். அதனால் எனக்கும் ஒரு புனைபெயர் எடுத்துக்கொண்டேன். அனுபவசாலி. அந்தப் பெயரில் நடுநிலையாளனைக் கிழித்துத் தொங்கவிட்டேன். அன்று எழுதியது நல்ல எழுத்து என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன், அதுதான் எனக்குப் பெரிய வெட்கம். குழுவே என்னைப் பாராட்டியது. யார் இந்த அனுபவசாலி, சரியான சூடு கொடுத்தார் என்றார்கள். ஹாஜிராகூட, "யாருன்னு தெரியலக்கா, நல்லா கேட்டாங்க" என்று போனில் சொன்னாள். நான் சிரித்துக்கொண்டேன்.

நீ அந்தத் தளத்தின் பழைய பக்கம் ஒன்றை இணையத்தில் எங்கோ தேடி எடுத்துப் படித்துவிட்டு, போன ஞாயிறு என்னிடம், "அனுபவசாலின்னு ஒருத்தன் எழுதியிருக்கானேம்மா, என்ன கேவலமான ஜென்மம்" என்றாயே. ஒருத்தன் இல்லை. ஒருத்தி. நான்தான்.

ஒரு தடவை என்று தொடங்கியது நிற்கவில்லை. கம்பெனி கேண்டீனில் தட்டின்முன் உட்கார்ந்து, சாயந்திரம் யாரை என்ன சொல்லலாம் என்று மனதுக்குள் வாக்கியம் கோத்துக்கொண்டிருப்பேன். என் சொந்தப் பெயரில் "அன்பான அம்மாக்களே" என்று தேன் ஒழுக எழுதுவேன். அரைமணி கழித்து அனுபவசாலியாக வந்து, ஒரு மெஷின் போதுமா இரண்டு வேண்டுமா என்று கேட்ட இருபத்திரண்டு வயதுப் பெண்ணை, "பெற்றுவிட்டால் மட்டும் போதாது அம்மா" என்று குத்துவேன். இன்னும் கேவலம் கேள். அட்மினாக வந்து, "அனுபவசாலி அவர்கள் சற்றுக் கனிவாக எழுதவேண்டும்" என்று கண்டித்து, அனுபவசாலியாகப் போய், "அட்மின் உண்மைக்குப் பயப்படுகிறார்" என்று எனக்கே பதில் எழுதியிருக்கிறேன். கூத்தில்கூட ஒரு ஆள் இரண்டு வேஷம் கட்டினால் இடையில் முகம் கழுவுவான். நான் கழுவவில்லை. உன் அப்பாவுக்கும் தெரியாது. குழுக் கணக்கு பார்க்கிறேன், கடிதம் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன்.

அந்த நாட்களில் குழுவில் பெரிய சண்டை ஒன்று நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகளை வாயால் பேசவைப்பதா, கையால் சைகை மொழி பேச விடுவதா என்பது. நான் வாய்க் கட்சி. கை பேசினால் வாய் சோம்பேறியாகிவிடும் என்று உறுதியாக நம்பினேன். நீ கையை அசைத்தால் புறங்கையில் தட்டுவேன். தட்டுவேன் என்று எழுதுகிறேன், பார். அடிப்பேன். ஸ்கேலால் அடித்திருக்கிறேன். ஹாஜிரா வேறு மாதிரி. சஃபியாவோடு சேர்ந்து அவளும் கையால் பேசக் கற்றுக்கொண்டாள். ஒருநாள் குழுவில் தன் சொந்தப் பெயரில் எழுதினாள்: "தனம் அக்கா நல்லதுக்குத்தான் சொல்றாங்க. ஆனா கதிர் அவங்க முன்னாடி ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு நிக்கிறான். எங்க வீட்டுக்கு வந்தா சஃபியாகிட்ட கையாலேயே அவ்ளோ கதை பேசறான், வயித்தைப் புடிச்சிக்கிட்டுச் சிரிக்கிறான். அக்கா ஒருநாள் அதை வந்து பாக்கணும்."

அதில் ஒரு கெட்ட வார்த்தை உண்டா? என்னைக் கூப்பிட்டிருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் ஊரெல்லாம் படிக்க, என் பிள்ளை இன்னொரு வீட்டில்தான் சிரிக்கிறான் என்று எழுதிவிட்டாளே என்று எனக்குப் பற்றி எரிந்தது. சனிக்கிழமை, அரைநாள் ஷிப்ட். வீட்டுக்கு வந்ததும் உலைகூட வைக்காமல் கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்தேன்.

நான் எழுதியதைப் புரியவைக்க ஒன்றைச் சொல்லவேண்டும். சஃபியாவுக்கு நாலு வயதிருக்கும்போது காதில் சீழ் வைத்து, மெஷினை மாட்டினாலே அலறுவாள். அது நோன்பு மாதம். ஹாஜிராவுக்கு அப்போதுதான் வயிற்றிலிருந்த பிள்ளை கலைந்திருந்தது. முடியாமல் மெஷினைக் கழற்றி பீரோவில் பூட்டிவிட்டாள். பெருநாள் முடிகிறவரை எடுக்கவில்லை. மெஷின் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டாள். அந்தக் குற்ற உணர்ச்சி அவளை விடவே இல்லை. பல வருஷம் கழித்து பீச்சில் உட்கார்ந்து என்னிடம் சொல்லி அழுதாள். அதை அறிந்தவர்கள் உலகத்தில் மூன்றே பேர். அவள், நான், அப்போது அதே வீட்டில் இருந்த அவள் நாத்தனார் மும்தாஜ்.

அனுபவசாலி இப்படி எழுதினாள்: "சைகை மொழிக்கு இங்கே பாடம் எடுக்கும் ஒரு தாய், ஒரு மாதம் முழுக்க மகளின் மெஷினைக் கழற்றிப் பீரோவில் பூட்டி வைத்தவர். பிள்ளையின் சத்தம் தாங்கவில்லையாம். சோம்பேறித்தனத்துக்கு மொழி என்று பெயர் வைத்தால் அது மொழியாகிவிடாது." எழுதிவிட்டுச் சோறு வடித்தேன். உனக்குப் பிசைந்து கொடுத்தேன். நன்றாகச் சாப்பிட்டாய்.

சாயந்திரத்துக்குள் மொத்தக் கும்பலும் வந்துவிட்டது. யாரென்று கண்டுபிடிப்பது கஷ்டமா? பீரோவைப் பற்றி ஒருவன், அவள் பிள்ளையைப் பற்றி ஒருவன், அவள் மதத்தைப் பற்றிப் பத்துப் பேர். போலீசில் சொல்லவேண்டும் என்று உண்மை விளம்பி எழுதினான். அட்மின் நினைத்தால் ஒரு நிமிஷத்தில் அத்தனையையும் அழித்திருக்கலாம். அட்மின் இரண்டு நாள் ஊரில் இல்லாத மாதிரி இருந்தாள். மூன்றாம் நாள் ஹாஜிரா போன் செய்தாள். 

"அக்கா, அட்மினுக்கு யாரு எழுதினாங்கன்னு தெரியுமா? பாக்க முடியுமா?"

"முடியாதும்மா. அப்படி வசதி எதுவும் கிடையாது" என்றேன். "நான் அழிச்சிடறேன். அந்த ஆளை குரூப்ப விட்டே தூக்கிடறேன்."

 பிறகு, "விடுக்கா. யாருன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடுமே. என்னைச் சொல்லவில்லை என்பது அந்தக் குரலில் தெரிந்தது, எனக்கு அது போதுமாக இருந்தது. கதிர், பாதகம் செய்கிறவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு செய்வதாக நாம் நினைக்கிறோம். நான் அப்போது நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

ஹாஜிரா குழுவை விட்டுப் போனாள். அவமானத்தில் என்னையும் பார்க்க வரவில்லை, நானும் போகவில்லை. நீ மாதக்கணக்கில் சஃபியாவைக் கேட்டாய். ஸ்கூல் வேலை, பரீட்சை என்று ஏதேதோ சொல்லி உன்னை ஏமாற்றினேன். காலேஜ் போய்ச் சேர்கிற வரைக்கும் நீ கையால் பேச ஒரு ஆள் இல்லாமல் இருந்தாய். உன்னிடமிருந்து நான் பிடுங்கிக்கொண்டது அது. குழுவிலும் பெயர் போட்டு எழுதியவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். சண்டை போட்டுப் போகவில்லை, சும்மா வராமல் போனார்கள். கடிக்க ஆள் இல்லாததால் முகமூடிகள் ஒன்றையொன்று கடித்தன, பிறகு அவையும் சலித்துப் போய்விட்டன. கடைசியாக அங்கே கிடப்பது, ஒரே வாரத்தில் செவிடு நீங்கும் என்று ஏதோ ஒரு எண்ணெயின் விளம்பரம். போனவர்கள் இப்போது போனில் வாட்ஸப் குழுக்களில் இருக்கிறார்கள். காலையில் ரோஜாப்பூ, மாலையில் தீபம். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று யாராவது எழுதினால் அதற்குக் கீழேயும் ரோஜாப்பூ. முகமூடிக் கூட்டத்தை வெறுத்ததைவிட இந்தப் பூக்கூட்டத்தை நான் குறைவாக வெறுக்கவில்லை. பேசிப் பேசிக் கெட்டோம் என்று இப்போது ஒருவரும் எதையும் பேசுவதில்லை.

ஞாயிறன்று உன்னிடம் பொய் சொன்னபிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு ஹாஜிரா வீட்டுக்குப் போனேன். கடைக்கு மேலே மாடியில் அதே வீடு. கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் முதலில் சந்தோஷப்பட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தண்ணீர் கொடுத்தாள், "கதிருக்குக் கல்யாணமாமே, கேள்விப்பட்டேன்" என்றாள். நான் டம்ளரை வாங்காமல் நின்றபடியே சொல்லிவிட்டேன். "அன்னிக்கு அதை எழுதினது நான்தான் ஹாஜிரா. பீரோ விஷயம். அனுபவசாலி நான்தான்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. சுவரில் கைவைத்துக்கொண்டு, "இல்லக்கா. அது மும்தாஜ் அக்கா" என்றாள், எனக்குத் திருத்திச் சொல்வதுபோல. மறுபடி சொன்னேன். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவங்களைத் தவிர யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். உன்கிட்ட சொன்னது எனக்கு ஞாபகமே வரல. ஏன்னா உன்னை நான் அந்தக் கணக்குலயே வைக்கல" என்றாள். "பன்னெண்டு வருஷமா அவங்ககூடப் பேசறதில்லக்கா. அவங்க பொண்ணு நிக்காவுக்குப் போகல. அவங்க வீட்டுக்காரர் மவுத்தாகி எடுத்தப்பகூட வாசலோட நின்னுட்டு வந்துட்டேன். என் வீட்டுக்காரரையும் போகவிடல."

  அவள் எழுந்து துப்பட்டாவை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். "கிளம்பு. வந்து அவங்ககிட்ட சொல்லு."

ஆட்டோவில் முத்தியால்பேட்டைக்குப் போகிற வழியெல்லாம் அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. மும்தாஜுக்கு அறுபது தாண்டியிருக்கும். முழங்கால் வலியில் மெதுவாக எழுந்து வந்து, கதவருகில் நின்ற தம்பி மனைவியைப் பார்த்ததும், "யா அல்லா, வா, வா உள்ள" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். பாதியில் அவர் கேட்டார், "கம்ப்யூட்டர்லயா? எனக்கு அதைத் தொடக்கூடத் தெரியாதே."  என்னை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. ஹாஜிராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் என்ன தப்பு பண்ணேன்னு பன்னெண்டு வருஷமா யோசிச்சிக்கிட்டிருக்கேன். ஏதாவது சொல்லி மனசு நோக வச்சிட்டேனோன்னு. ஒரு வார்த்தை வந்து கேட்டிருக்கக் கூடாதா புள்ள நீ?"

ஹாஜிரா அவர் மடியில் முகத்தை வைத்து அழுதாள். நான் கொண்டுபோன உண்மை எனக்கு ஒரு கீறல்கூடப் போடவில்லை, கதிர். அது நேராகப் போய் மறுபடியும் அவளைத்தான் அடித்தது. பழியைச் சுமந்தவர் மும்தாஜ், இப்போது குற்றவாளியாகி நின்றவள் ஹாஜிரா. எழுதிய நான் ஒரு ஓரமாக, துணி கொண்டுவந்த சலவைக்காரிபோல, ஏசக்கூட ஆளில்லாமல் நின்றுகொண்டிருந்தேன். ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அந்த ஆறுதலைக் கொடுக்கவேண்டிய அவசியம் அவர்களுக்கு என்ன?

திரும்பி வந்து இறங்கியபோதுதான் ஹாஜிரா பேசினாள். "பேரு போட்டு எழுதியிருந்தீன்னா, உன் வீட்டுக்கு வந்து நாலு வார்த்தை நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டிருப்பேன். நீயும் கேட்டிருப்ப. ஒரு மாசம் பேசாம இருந்திருப்போம். அவ்ளோதான்கா முடிஞ்சிருக்கும். பேரு இல்லாததால நான் யாரைப் பாத்தாலும் சந்தேகப்பட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "நாலு பேரு பாக்கத்தானே எழுதின? நாலு பேரு பாக்கவே சொல்லு. என் பேரையும் போடு, அவங்க பேரையும் போடு, சொந்தக்காரங்க எல்லாரும் படிக்கட்டும்" என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம் இங்கே இருக்கிறது. பெருந்தன்மையில் நான் எழுதவில்லை. எழுதச் சொன்னாள், எழுதுகிறேன்.

உன் குழுவுக்கு வருகிறேன். பெயரையே சொல்லமுடியாத பெண்கள் இருக்கிறார்கள். அந்த மாமியார் வீட்டுக்குப் பயந்தவள் பொய்யில்லை, அவளுக்கு ஒரு வழி வேண்டும். அவள் பெயர் ஊருக்குத் தெரியவேண்டாம், குழுவை நடத்துகிற ஒருவருக்காவது தெரியட்டும், அவர் வழியாக வரட்டும். ஹாஜிரா அன்றைக்கே சொன்னது. ஆனால் நடத்துகிற அந்த ஒருவர் என்னைப் போன்றவளாக இருந்தால் என்ன செய்வாய்?  நீங்கள் இரண்டு பேரும் ஒருவர் எழுதுவதை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்வேன். உனக்கு ஒரு புனைபெயர் எடுத்துக்கொள்ள எப்போதாவது ஆசை வந்தால், அது நல்ல காரணத்துக்காகத்தான் வரும், ஒரு ஆறுமுகத்துக்காக வரும். அப்போது எழுந்து போய்விடு. நானும் கெட்ட காரணத்துக்காகத் தொடங்கவில்லை.

பத்திரிகையை நீயே கொண்டுபோய் வை. ஹாஜிரா வீட்டுக்கும், முத்தியால்பேட்டைக்கும். வருவார்களா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவில்லை. என்னைக் கூப்பிடாதே. சஃபியா இப்போது ஒரு பேக்கரியில் கேக்மேல் பூப்போடுகிறாள். செவ்வாயன்று நானும் ஹாஜிராவும் அவர்கள் கைலிக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தபோது வேலை முடிந்து வந்தாள். என்னை அடையாளம் தெரிந்து சிரித்தாள். ஹாஜிரா அங்கேயே தெருவில் வைத்து, கைகளால் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னாள். ரொம்ப நேரம் சொன்னாள். அந்தப் பெண்ணின் முகம் மாறிக்கொண்டே வந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, என் முகத்துக்கு நேராக, கைகளால் ஏதோ சொன்னாள். "என்ன சொல்றா?" என்று ஹாஜிராவைக் கேட்டேன். "உன்கிட்டதானே சொன்னா, என்னைக் கேக்கற" என்று சொல்லிவிட்டு அவள் படியேறிப் போய்விட்டாள். எனக்குப் புரியவில்லை என்பது சஃபியாவுக்குத் தெரிந்தது. அவள் போகவில்லை. அதையே மறுபடியும், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, மெதுவாகச் செய்து காட்டினாள். வைகிறாளா, போகட்டும் என்று விடுகிறாளா என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை.